எதை அளந்தாய்?

"யந்திரம் தவறு செய்யுமா?" என்று கேட்டவன் நான். "எண்ணிப் பார்க்கலாமே, சார்!" என்று விடை தந்தவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. கேள்வி, கல்லூரிப் பட்டம் பெற்றவனுடையது. விடை, காப்பித் தோட்டத்துத் தொழிலாளியின் மகளுடையது. பகுத்தறிவு எந்தப் பக்கம் இருந்தது என்பதை நீங்களே கூறுங்கள், தோழர்களே!

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த கரடியூரிலே எனக்கு ஆசிரியப் பணி. எழுத்துக் கூட்டிப் படிக்கவே இடர்ப்படும் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தேன். கண்டதையும் கேட்டதையும் பிள்ளைகளே ஆளுக்கொரு வரியாகச் சொல்ல, அவற்றைக் கணினியில் எழுதினேன். குட்டை வரி முதலில், நெட்டை வரி கடைசியில் என்று அடுக்கினால், படிப்படியாக ஏறிப் பழகுவர் அல்லவா? கையால் அடுக்கினால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். பைத்தான் என்னும் கணினி மொழியிலே மூன்றே வரிக் கட்டளை எழுதினேன்: கோப்பைத் திற, வரிகளை நீளப்படி அடுக்கு, அச்சிடு. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது வேலை.

பட்டியலைச் சுவரிலே ஒட்டினேன். மேலிருந்து கீழாக யார் எதுவரை படிக்கின்றனர் என்று குறித்தேன். அந்தச் சிறுமி, 'அது அரசமரம்' என்ற வரியிலே தடுமாறி நின்றாள். அதற்கு அடுத்த வரியாகிய 'இது கரடியூர்' என்பதைத் தங்குதடையின்றிப் படித்தாள். "சிறிய வரி தெரியவில்லை, பெரிய வரி மட்டும் தெரியுமோ? பார்த்துப் படிக்கவில்லை, பாடமாக ஒப்பிக்கிறாய்!" என்று கடிந்துகொண்டேன். குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேராக, 'பின்தங்கியவர்' என்றும் எழுதினேன்.

"நான் நின்ற வரிதானே பெரியது, சார்?" என்றாள். அப்போதுதான் யந்திரத்தின் பெயரால் அவள் வாயை அடைக்கப் பார்த்தேன். அவள் அடங்கவில்லை, விரல் விட்டு எண்ணினாள். அது அரசமரம்: எட்டு எழுத்து. இது கரடியூர்: ஏழே எழுத்து!

எண்ணினேன் நானும். அவள் சொன்னதே சரி. கணினியைக் கேட்டேன். முதல் வரிக்கு 11 என்றது. அடுத்த வரிக்கு 12 என்றது.

காரணம் என்ன? கணினி எண்ணியது எழுத்தை அன்று, குறியீட்டை. இன்று பரவலாக வழங்கும் ஒருங்குறி முறையில் 'ட' என்பதற்கு ஒரு குறியீடு. அதன்மேல் ஏறும் இகரக் கொக்கிக்குத் தனியாக ஒன்று. மெய்யின் தலையிலுள்ள புள்ளிக்கும் தனியாக ஒன்று. 'டி' நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு. அரசமரம் என்பதிலே கொக்கியும் இல்லை, கொம்பும் இல்லை, ஒரே ஒரு புள்ளிதான். ஆகவே ஆறெழுத்துச் சொல் ஏழு குறியீட்டில் அடங்கிற்று. கரடியூர் ஐந்தே எழுத்து, குறியீடோ எட்டு. சொற்களுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்தையும் ஒன்றென எண்ணியது கணினி. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் முறையும் உண்டு. அனைத்தெழுத்துக் குறியீடு என்ற அதனைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. நான் பயன்படுத்தியது அதுவன்று. யந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை தந்தது. கேள்வி இன்னதென்று அறியாமல் விடையை வேதமாக்கியவன் நான்!

இத்தனைக்கும், அளக்குமுன் அளவை அறிவிக்க வேண்டும் என்பது தமிழனுக்குப் புதிய பாடமா? கட்டளைக் கலித்துறையில் அடிக்கு 16 அல்லது 17 எழுத்து. ஒற்றெழுத்தை எண்ணக்கூடாது என்று விதியையும் சேர்த்தே வகுத்தனர். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் கைக்கொண்டதும் நீள வரிசைதான். 3 முதல் 6 அடி வரை ஐங்குறுநூறு. 4 முதல் 8 வரை குறுந்தொகை. 9 முதல் 12 வரை நற்றிணை. 13 முதல் 31 வரை அகநானூறு. அதனாலேயே அதற்கு நெடுந்தொகை என்றும் பெயர். குறுந்தொகையில் 307, 391 ஆம் பாடல்கள் மட்டும் ஒன்பது அடி கொண்டவை என்று நம்மால் சுட்ட முடிகிறதே, எதனால்? விதி வெளிப்படையாக இருப்பதால்! விதி தெரிந்தால்தான் விலக்கும் தெரியும்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். அரசனாகிய பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டும், தங்கால் பொற்கொல்லனார் பாட்டும், வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவரின் பாட்டும் அகநானூற்றிலே ஒன்றாக இருக்கின்றன. அங்கே அளவுகோல் அடி, பிறப்பன்று. குறுந்தொகை குட்டையானது, ஆகவே தாழ்ந்தது என்று சொன்னவரும் இல்லை. நீளம் நீளத்தை மட்டுமே சொல்லும். காப்பிக் கொட்டையைச் சல்லடையில் சலித்தால் பருமன் தெரியும், சுவை தெரியுமா?

அந்தத் தவறைத்தான் நான் செய்தேன். வரியின் நீளத்தைக் கொண்டு பிள்ளையின் அறிவை அளந்தேன். நாள்தோறும் பேருந்துப் பலகையில் பார்க்கும் தன் ஊர்ப்பெயரை அவள் எளிதாகப் படித்ததில் என்ன வியப்பு? நீளம் வேறு, கடினம் வேறு.

கட்டளையைத் திருத்தினேன்: கொக்கி, கொம்பு, கால், புள்ளி, வெற்றிடம் எதையும் எண்ணாதே, உயிரையும் மெய்யையும் ஆய்தத்தையும் மட்டும் எண்ணு. இரண்டு வரிகளும் இடம் மாறின. குறிப்பேட்டில் எழுதிய 'பின்தங்கியவர்' என்ற சொல்லை, அந்தச் சிறுமியின் கண்ணெதிரிலேயே அடித்தேன். பட்டியலைத் திருத்துவது எளிது. அந்தச் சொல்லை அடிக்கத்தான் கை கூசிற்று.

தோழர்களே! பட்டியல்கள் பெருகிவிட்ட காலம் இது. முன்பு பிறப்பைக் காட்டி மேலென்றும் கீழென்றும் வரிசை வகுத்தனர். கேட்டால் சாத்திரம் என்றனர். இன்று மதிப்பெண்ணைக் காட்டி வரிசை வருகிறது. கேட்டால் கணினி என்கின்றனர். சாத்திரத்தின் முன் பணியாத தலை, கணினியின் முன் மட்டும் ஏன் பணிய வேண்டும்? வரிசை எதுவாயினும் வினவுங்கள்: எதை அளந்தாய்? எப்படி அளந்தாய்? நானும் எண்ணிப் பார்க்கலாமா?

மூன்றாவது கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது கல்லூரி அன்று. கரடியூர்ச் சிறுமியின் பத்து விரல்கள்.