மலைக்கு ஒரு மாவுக்கட்டு

வேட்டிக்கும் சேலைக்கும் இழை நெருக்கமாக விழ வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகளில் ஓடும் பேண்டேஜ் துணியில் பாவும் ஊடையும் விலகியே நிற்கின்றன; விரித்துப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கும் ஆள் தெரிவார். காயம் கட்ட நெய்யப்படும் இந்த வகைத் துணியைக் கொண்டுதான் மாதிரி ரயில் தடம் அமைப்பவர்களும் மேசை விளையாட்டுக்காரர்களும் குன்று செய்கிறார்கள்.

தறிக்கூடத்துக்குள் பேச்சு எடுபடாது, சைகைதான். இழை குறைவு என்பதால் வேலையும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. நெருக்கமான துணியில் ஒரு பாவு இழை அறுந்தால் சட்டென்று கண்ணில் படாது. இதில் அறுந்த இடம் கோடாக நீண்டுகொண்டே போகும். தறி ஓட்டுபவர் உடனே நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி எடுத்து, விழுதின் கண்ணில் கோத்து முடிச்சிட்டு மறுபடி ஓடவிடுகிறார். மேலெல்லாம் பஞ்சுத் தூசி. நூலுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இங்கே நூற்பாலைகள் பல.

தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக மேலேயே நிற்கும். பருத்தியின் இயற்கை மெழுகுதான் காரணம். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுத்த பிறகே துணி நீரை உறிஞ்சும். குன்று செய்ய வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: வெளுக்காத துணியில் மாவு பிடிக்காது.

மாவு என்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். திரும்பத் தண்ணீர் சேர்த்தால், சூட்டை வெளியிட்டபடி கல்லாக இறுகும். இந்த மாவைத் துணியில் ஏற்றி எலும்பு முறிவுக்குக் கட்டும் முறையை 1852-இல் வெளியிட்டவர் டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மதைசன். குன்றுக்கும் அதே மாவுக்கட்டுதான்.

மேசை விளையாட்டுக்குக் குன்று எதற்கு? 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாக நடந்துகொள்வார்கள். இப்போதைய விதிகளில் மேசையில் ஓர் அங்குலக் கட்டம் கதையில் 5 அடி. பாத்திரத்துக்காக நிற்கும் பொம்மையின் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். நிலப்பரப்பு இல்லாமலும் ஆடலாம். ஆனால் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் தெரிகிறானா என்ற சண்டையை நிஜப் பாறை சீக்கிரம் தீர்த்துவைக்கிறது.

கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தாளைக் கசக்கி மலை செய்வது நம் ஊர் வழக்கம். அது பெரும்பாலும் ஒரு பண்டிகையோடு சரி. ஆட்டத்துக்கான நிலமோ இன்று மலை, அடுத்த வாரம் கோட்டை வாசல் என்று இடம் மாறி உழைக்க வேண்டும். அதனால் ஒரே அளவுச் சதுரப் பலகைகளில் செய்து, விளிம்புகளின் உயரத்தை எல்லாவற்றிலும் ஒன்றாக வைக்கிறார்கள். அந்த ஒழுங்கு தப்பினால் எத்தனை அழகான குன்றும் வேறொன்றோடு சேராது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்து மம்சாபுரத்திலிருந்து மேற்கே தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலை நல்ல மாதிரி. ஆனால் அந்தச் சரிவை அப்படியே நகலெடுத்தால் பொம்மை நிற்காமல் உருளும். நடுநடுவே தட்டையான படிகள் விட்டே தெர்மகோலை அடுக்க வேண்டும். அதன்மேல், மாவுக்கரைசலில் தோய்த்த துணிப் பட்டைகளை ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் ஏறும்படி, இரண்டு மூன்று அடுக்காக, திசை மாற்றிப் பரப்புகிறார்கள். கரைசல் துளைகளில் புகுந்து அடுக்குகளை ஒன்றாகப் பிணைக்கும். நெருக்கமான துணியில் இந்தப் பிடிப்பு வராது. சில நிமிடங்களில் இறுகினாலும் உள் ஈரம் காய ஓரிரு நாள் ஆகும். அவசரப்பட்டுச் சாயம் பூசினால் பூஞ்சை வரும்.

வெறும் தெர்மகோலில் ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரைந்துவிடும். மாவுத்தோல் அதைத் தடுக்கிறது. தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி, சலித்த செம்மண்ணையும் சாயமேற்றிய மரத்தூளையும் தூவினால் தரையும் புல்லும் தயார். முனை உடைந்தால் ஒரு துண்டுத் துணியும் ஒரு பிடி மாவும் போதும்.

மாவு கரைத்த பாத்திரத்தை மட்டும் வாஷ்பேசினில் கழுவ வேண்டாம். குழாய்க்குள் இறுகினால் குழாயைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.