விறகாகப் போயிருக்கும் என்றேன்

என் வரவேற்பறையில் செட்டிநாட்டுத் தேக்கு நிலை ஒன்று இருக்கிறது. நடுவில் கண்ணாடி பதித்து, சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன். மேற்சட்டத்தில் கஜலட்சுமி. யானைத் துதிக்கையின் மடிப்புகளில் அப்பிக் கிடந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தவன் நான்தான். வருகிறவர்களிடம், “நான் வாங்காவிட்டால் விறகாகப் போயிருக்கும்” என்பேன். அது பொய்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு தடவை சுற்றி வந்தவருக்கே தெரியும், அங்கே நல்ல நிலை எதுவும் விறகு விலைக்குப் போகாது.

இந்த நிலைகள் வருகிற செட்டிநாட்டு வீடுகள் இடிபடுவதற்கு நானும் காரணங்கள் வைத்திருந்தேன். பர்மாவில் வட்டித் தொழில் செய்த பணத்தில், பர்மாத் தேக்கில் எழுந்தவை பல. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரும்படி ஆட்டம் கண்டது. வாரிசுகள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓடு மாற்றுவதென்றாலும் எல்லோரும் ஒத்துவர வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று பங்காளிகள் தடுமாறும்போது, மரத்துக்கு நல்ல விலை இருக்கிறது என்ற பேச்சு இடிக்கிற பக்கமே தள்ளும். அந்த விலையை ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

தோட்டத்துக்குத் தூண் வாங்கியபோது இன்னும் ஒரு படி இறங்கினேன். கடையில் ஜோடி இல்லை. “வந்தால் சொல்லுங்கண்ணே” என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் வந்தன. உடம்பெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. போதிகையை ஒட்டி ரம்பம் ஓடிய இடம் மட்டும் பொன் மஞ்சளாக, தேக்கு வாசனையோடு. அறுத்து அதிக நாள் ஆகவில்லை. எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வாங்க மனசு வராது என்று தெரிந்தே கேட்கவில்லை.

நூறு வயது கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. காரைக்குடியில் லாரி ஏற்றிச் சென்னையில் இறக்கிய என்னை யாரும் மறிக்கவில்லை. கூரைக்கடியில் நின்ற தூண்கள் இப்போது மழையில் வெடித்து நிற்கின்றன, மேலே மல்லிக்கொடி.

திருப்பிக் கொடுப்பாயா என்று கேட்கலாம். எந்த வீடென்றே தெரியாதே என்று நழுவலாம். விசாரித்தால் தெரிந்துவிடும். நான் இன்னும் விசாரிக்கவில்லை.