இருக்கை ஈந்த பெருந்தகை

கற்பிப்போர் உலகிற் பலர். கற்றவனுக்கு ஒரு வாழ்வு அமைய வேண்டுமே எனக் கவலை கொள்வோர் சிலர். அவ்வாழ்வின் பொருட்டுத் தம் இருக்கையையே விட்டுக்கொடுப்போர் மிகச் சிலர். அத்தகைய பெருந்தகை ஒருவரை மாணவச் செல்வங்களுக்கு நினைவூட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எனது ஊர் இராசபாளையத்தை அடுத்த சோழபுரம். இதே பெயரில் கும்பகோணத்தின் அருகிலும் ஓர் ஊர் உண்டு. பெயரொற்றுமையால், ஊர்ப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் கும்பகோணமும், அதனோடு அந்நகரின் அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் இருக்கையும் என் நினைவில் எழும்.

அவ்விருக்கையில் வீற்றிருந்தவர் வித்துவான் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர். பிள்ளையவர்கள் சாதி சமய வேறுபாடு கருதாது பாடஞ்சொன்னவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பயின்றவரே. 1871ஆம் ஆண்டு அவரை அடைந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர். 1876இல் ஆசிரியர் மறைந்த பின்னர், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவ்விளைஞரை ஆதரித்து வந்தார்.

1880ஆம் ஆண்டு செட்டியார் பணியினின்று ஓய்வுபெற முனைந்தபோது, தமக்குப்பின் அவ்விடத்திற்கு உரியவர் சாமிநாதையரே எனத் துணிந்தார். தம் ஆசிரியரிடம் தமக்குப்பின் பயின்ற ஒருவரைத் தாமே தேடிச்சென்று அழைத்தார், கல்லூரியாரிடம் பரிந்துரைத்தார். தேசிகருக்கோ அவரைப் பிரிய மனமில்லை. எனினும் இளைஞரின் எதிர்காலம் கருதி விடைகொடுத்தார். ஒருவர் இருக்கையை ஈந்தார்; மற்றவர் அருகிருக்கும் இன்பத்தை ஈந்தார். இவ்விரண்டில் எது பெரிது என்று என்னால் கூற இயலவில்லை.

அவ்வாண்டு பிப்ரவரியில் சாமிநாதையர் பணியேற்றார். அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். அச்சந்திப்பே சீவகசிந்தாமணியின்பால் அவரைச் செலுத்தியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. செட்டியார் விட்டுக்கொடுத்தது ஒரு நாற்காலி. தமிழுலகம் பெற்றதோ ஒரு பெருஞ்செல்வம்.

இவ்வரலாற்றைப் பழங்கதையென ஒதுக்க என்னால் இயலாமைக்கு ஒரு காரணம் உண்டு. நான் பட்டம் பெற்று வேலையின்றி இருந்த காலத்தில், எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்தார். தனியார் பள்ளியொன்று அவரை மீண்டும் பணிக்கு அழைத்தது. மணமாகாத பெண்மக்கள் இருவர் அவர் இல்லத்தில் இருந்தனர், ஓய்வூதியமோ சிறிது. அவர் என்னை உடனழைத்துச் சென்று, "எனக்கு மாறாக இத்தம்பியை அமர்த்துங்கள், இவருக்கு நான் பொறுப்பு" என்றார்.

திரும்பி வரும் வழியில், "ஏன் ஐயா இவ்வாறு செய்தீர்கள்?" என்றேன்.

"தம்பி, நான் போனால் ஐந்தாண்டு பாடம் நடக்கும், நீ போனால் முப்பதாண்டு நடக்கும். இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார்.

அதன்பின் மூன்று மாதம், மாலைதோறும் தம் திண்ணையில் அமர்த்தி, மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை என்னைச் சொல்லச் செய்து கேட்டார். நான்காம் மாதம், "இனி வரவேண்டா, உன் வழியில் நடத்து" என்று அனுப்பிவிட்டார். கைபிடித்து நடத்தியதினும் உரிய வேளையில் கையை விட்டதே அவர் செய்த பேருதவி என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன்.

பணியில் மூத்தோர்க்கு ஒரு விண்ணப்பம்: நம் பெயரைப் பிணையாக வைத்து ஓர் இளைஞரையேனும் உயர்த்தினோமா என நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. இளையோர்க்கும் ஒன்று சொல்வேன். சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு உ. வே. சா. தம் பெயரைச் சூட்டவில்லை. 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். பெற்ற உதவியை வாயிலிலேயே எழுதிவைத்த அச்சான்றோரின் நன்றியறிதல் நமக்கும் வாய்ப்பதாக!