அண்ணாச்சியின் மார்க் நோட்டு

தென்காசிப் பக்கம் வந்திருக்கீங்களா? ஜூன் பிறந்து கேரளாவில் மழை பிடித்துவிட்டால் போதும்... மலையைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு காற்று வரும். கூடவே சாரல். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி ஒரு காற்று! ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வியே, "அருவியில தண்ணி விழுதா?" என்பதுதான்.

குற்றாலம் பேரருவிக்கு அடியில் ஒரு தடவை தலையைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தலையில் இறங்குகிற அந்த ஐந்து நிமிஷம், வீட்டுக்கடன் தவணை ஞாபகம் வராது. மேனேஜர் முகம் ஞாபகம் வராது. பின்னாலிருந்து யாராவது, "போதும் சார், நகருங்க" என்று தோளைப் பிடித்து இழுக்கும்வரை மனசு துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கும். எண்ணெய் மசாஜ், குளியல், பார்டர் பரோட்டா, ஒரு தூக்கம்... ஊருக்குத் திரும்பி, "மைண்ட் ஃப்ரெஷ் ஆயிடுச்சுப்பா" என்போம்.

எத்தனை நாளைக்கு? திங்கட்கிழமை காலை பத்து மணி வரைக்கும்!

குறை சொல்லவில்லை. ஆனால், அருவிக்கு சீசன் உண்டு. ஜூனில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பரோடு அடங்கிவிடும். மனசுக்கு ஏது சீசன்? அது பன்னிரண்டு மாசமும் உழைக்கிறது. பன்னிரண்டு மாசமும் அழுக்காகிறது. வருஷத்துக்கு ஒரு குளியல் அதற்கு எப்படிப் போதும்?

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு தென்காசி அண்ணாச்சி. பலசரக்கு மொத்த வியாபாரம். அறுபதை நெருங்குகிறவர். பேரைப் போடக் கூடாது என்று கண்டிஷன். இருபது வருஷமாக விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மேலகரம் வழியாகக் குற்றாலம் ரோட்டில் நடந்தவர். மேலகரம் தெரியுமில்லையா... குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர்! சீசன் நாட்களில் பேரருவி வரைக்கும் போய்க் குளித்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார். 

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தார். நடையை மட்டும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. "நாளைக்குப் போவோம்" என்பது வாரமாகி, மாசமாகி, ஒரு வருஷமே ஆகிவிட்டது. ராத்திரியில் தூக்கம் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி மணிக்கணக்காக ரோட்டையே வெறித்துக்கொண்டு இருப்பார். லாரியில் சரக்கு வந்து இறங்கினால்கூட எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. ஒரு நாள், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொல்லியிருக்கிறார். மகள் அன்றைக்கே அவரைத் திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டார்.

டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே, "முன்னாடி தினமும் நடப்பீங்களாமே, மறுபடி ஆரம்பிங்க" என்றார்.

"மனசு கொஞ்சம் சரியாகட்டும் டாக்டர். பெறகு நடக்கேன்."

"அப்படிக் காத்திருந்தா நீங்க நடக்கவே மாட்டீங்க. முதல்ல நீங்க நடங்க. மனசு பின்னால வரும்!"

டாக்டர் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. 1999-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோயால் அவதிப்பட்ட, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும். இன்னொன்றுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால், மூன்று பிரிவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவு! மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆரம்பத்தில் பலன் சீக்கிரம் தெரிந்தது என்பது உண்மை. ஆனால், இன்னும் ஆறு மாசம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சியை விடாமல் தொடர்ந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

உடனே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அண்ணாச்சி இரண்டையும்தான் செய்தார். மாத்திரையை எப்போது குறைப்பது, நிறுத்துவது என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது. நானோ நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல.

வியாபாரிக்குக் கணக்கு எழுதாமல் கை சும்மா இருக்குமா? எழுதாமல் கிடந்த ஒரு பழைய டைரியை எடுத்தார் அண்ணாச்சி. தேதி போட்டு, தினமும் இரண்டு மார்க். நடக்கக் கிளம்பும் முன் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மார்க். திரும்பி வந்ததும் இன்னொரு மார்க். அந்த டைரியை எனக்குக் காட்டினார்.

முதல் நாள்: முன் 2, பின் 2. 'தெரு முக்கு வரை. கால் வலி.'

நான்காம் நாள்: முன் 2, பின் 3. 

அடுத்த வாரம் ஒரு நாள்: 'போகலை. 1.'

மூன்று வாரத்துக்கு 'முன்' என்ற கட்டத்தில் இரண்டைத் தாண்டி ஒரு மார்க்கும் இல்லை. 'பின்' கட்டம் மட்டும் மூன்று, நான்கு என்று மெதுவாக நகர்கிறது. இரண்டாவது மாசத்தில் ஒரு பக்கம் வந்தது. முன் 4, பின் 1. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'அவ பிச்சிப்பூ வாங்குத கடை' என்று எழுதியிருந்தார். எனக்குப் பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை. அண்ணாச்சியே புரட்டினார். மறுநாள்: முன் 2, பின் 4.

"பாத்தியளா தம்பி, மொத மாசம் பூரா கெளம்பும்போது ஒரு நாள்கூட பிடிக்கல. ஆனா வந்தப்பெறகு 'ஏன்டா போனோம்'னு தோணுனது அந்த ஒரே ஒரு நாள்தான். இந்த மனசு முன்கூட்டியே சொல்லுத கணக்கு இருக்கே... பூரா பொய்க்கணக்கு!"

நானும் பி.காம். படித்தவன்தான். லாப நஷ்டக் கணக்கு, ஐந்தொகை எல்லாம் எழுதிப் பார்த்தவன். இவ்வளவு உபயோகமான ஒரு பேரேட்டை எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

புதுசாக நடக்க ஆரம்பிக்கிறவர்களைவிட, பாதியில் விட்டவர்களுக்கு ஒரு கஷ்டம் அதிகம். பழைய கணக்கு கண்ணை உறுத்தும். 'அருவி வரைக்கும் நடந்தவனாச்சே, இப்ப தெரு முக்குக்கே மூச்சு வாங்குதே' என்று வெட்கம் வரும். சில வாரம் சும்மா இருந்தாலே உடம்பின் தெம்பு இறங்கிவிடும். ஒரு வருஷம் விட்டால் கேட்கவே வேண்டாம். அதனால், விட்ட இடத்திலிருந்து தொடங்க நினைக்காதீங்க. பத்து நிமிஷம் போதும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள் அரைமணி நடந்தால் கணக்கு சரி. அந்த அரைமணிக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

தினமும் பத்தாயிரம் அடி நடக்கணுமே என்று பயமா? அந்த எண் டாக்டர்கள் கண்டுபிடித்ததே இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவிக்கு வைத்த பெயர். 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம்! நம் தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. எட்டு கிலோமீட்டரா என்று மலைக்காதீங்க. பாதிவரை போய்த் திரும்பினாலும் யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

அண்ணாச்சி இப்போது பழையபடி குற்றாலம் போகிறார். சில நாள் பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டும். போலீஸ் யாரையும் குளிக்க விடாது. வெளியூர்க்காரர்கள் முகம் தொங்கிவிடும். அண்ணாச்சி தூர நின்று பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி நடப்பார். "குளிக்கவா வந்தேன்? நடக்கத்தானே வந்தேன்!"

ஒரு விஷயம் மட்டும் சீரியஸாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பு இல்லாமல், தூக்கம், பசி கெட்டுப்போனால் நடையை மட்டும் நம்பி இருக்காதீங்க. டாக்டரைப் பாருங்க. 'இருந்து என்ன ஆகப்போகுது' என்று வீட்டில் யாராவது சொன்னால், அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாதீங்க. அந்த மகள் செய்த மாதிரி அன்றைக்கே கூட்டிப் போங்க. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

மற்றபடி, உங்கள் வீட்டிலும் எழுதாத டைரி ஒன்று கிடக்கும். தேடி எடுங்க. நாளைக்குக் காலையில் ஒரு மார்க் போட்டுவிட்டு, தெரு முக்கு வரை போய்ட்டு வந்து இன்னொன்று போடுங்க. முதல் மார்க்கு ரெண்டா, ஒண்ணா என்று கவலைப்படாதீங்க. அது பொய்க்கணக்கு!