பார்க்காத சாட்சி

திறந்த மூல மென்பொருளான லினக்ஸ் கெர்னலில், பிறர் எழுதிய நிரலைப் படித்துச் சரிபார்த்தவர் ‘ரிவ்யூட்-பை’ என்று தம் பெயரைப் பதிகிறார். உலகில் எவரும் அதைக் காணலாம். கை சற்றுத் தயங்கத்தான் செய்யும். எங்கள் நிறுவனத்திலோ ஒரு பொத்தான் போதும். தானியங்கிச் சோதனைகள் தேறினால், சில நிமிடங்களில் நிரல் வாடிக்கையாளரை அடைந்துவிடும்.

சென்ற மாதம் ஜும்ஆவுக்குப் புறப்படும் அவசரத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரின் நிரலைப் படிக்காமலே ஒப்புதல் அளித்தேன். தொழுது திரும்புவதற்குள் பலரிடம் ஒரே கட்டணம் இருமுறை பிடிக்கப்பட்டிருந்தது. பழைய பதிப்புக்கு மாற்றினோம், பணத்தையும் திருப்பினோம். பழி மட்டும் அந்தத் தம்பிமீது விழுந்தது.

கடனை எழுதி, சாட்சிகளையும் வைக்கப் பணிக்கும் அல்பகறா 282ஆம் வசனத்தை அன்றிரவு ஓதினேன். காணாததற்குச் சாட்சி சொன்னவன் நான். திங்களன்று, அவர் அருகில் இருக்கும்போதே, மேலாளரிடம் அதைச் சொன்னேன்.