திரும்பி வந்தவரும் நானும்

சேர் ஜோன் பார்பிரோலியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று ஊரிலுள்ள நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் யார் என்று கேட்டார். "இங்கிலாந்தில் பெரிய கொண்டக்டர்" என்றேன். "எந்த ரூட்டில்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நமக்குக் கொண்டக்டர் என்றால் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கூவுகிறவர்தான். எழுபது எண்பது பேர் அமர்ந்து வாசிக்கும் இசைக்குழுவின் முன்னால், எந்த வாத்தியத்தையும் தொடாமல், கையில் ஒரு சிறு கோலுடன் நிற்கின்ற மனிதனுக்கும் அதே பெயர்தான் என்பது மான்செஸ்டருக்கு வரும்வரை எனக்கும் தெரியாது.

நான் 1995ஆம் ஆண்டு அங்கு போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்பு கிழக்குக் கரையோரத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக் கொண்டிருந்தேன். யுத்தம், கடன், பிள்ளைகளின் எதிர்காலம் என்று ஊரை விட்டுப் புறப்படுகிறவனுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எனக்கும் இருக்கவில்லை.

முதல் வேலை ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு முறை. அங்கு ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். மான்செஸ்டரிலேயே பிறந்து வளர்ந்தவர். தேநீர் இடைவேளையில் இரண்டு விடயங்களைப் பற்றித்தான் பேசுவார். ஒன்று உதைபந்தாட்டம். மற்றது ஹாலே. ஹாலே என்பது அந்நகரத்தின் இசைக்குழு. ஜேர்மனியில் பிறந்து இங்கு வந்து குடியேறிய சார்ள்ஸ் ஹாலே என்ற பியானோக் கலைஞர் 1858இல் தொடங்கியது. சிறுவனாக இருந்தபோது தகப்பனுடன் ஹாலேயைக் கேட்கப் போன கதையைக் கிழவர் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். இசைக்குழுவின் மண்டபமான ஃப்ரீ ட்ரேட் ஹோல் 1940 டிசம்பரில் ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்து போனது. அதனால் பெல் வியூ என்ற களியாட்டப் பூங்காவில், சர்க்கஸ் நடக்கும் கிங்ஸ் ஹோலில் கச்சேரி வைத்தார்கள். "யானைச் சாணத்தின் வாடையோடுதான் நான் பீத்தோவனைக் கேட்டேன்" என்பார் கிழவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் எங்களுக்காகத் திரும்பி வந்தவர்" என்பார். அவர் என்றால் பார்பிரோலி.

அந்த வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரை விட்டு வந்தவனுக்குத் திரும்பி வந்தவர்களின் கதைகள் உவப்பாக இருப்பதில்லை. ஆனாலும் மனதில் ஒட்டிக்கொண்டது. நகரத்து நூலகத்தில் அவரைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

ஜியோவன்னி பட்டிஸ்டா பார்பிரோலி 1899 டிசம்பர் 2ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் பிரெஞ்சுக்காரி. தந்தையும் பாட்டனாரும் வயலின் கலைஞர்கள். 1887இல் மிலான் நகரின் லா ஸ்காலாவில் வெர்டியின் 'ஒட்டெல்லோ' முதன்முதலாக மேடையேறியபோது அந்த இசைக்குழுவில் இருவரும் இருந்தார்கள். பேரனுக்கும் வயலின்தான் கொடுத்தார்கள். ஆனால் பையன் ஓரிடத்தில் நில்லாமல் அறைக்கு அறை நடந்துகொண்டே பயிற்சி செய்தான். பொறுமையிழந்த பாட்டனார், உட்கார்ந்து மட்டுமே வாசிக்கக்கூடிய செலோ ஒன்றை வாங்கிக் கொடுத்தார் என்பது அந்தக் குடும்பத்துக் கதை. இருப்பிடத்தை விட்டு அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான் போலும்.

செலோக் கலைஞனாகவே அவர் வாழ்வைத் தொடங்கினார். 1919 ஒக்டோபரில், இலண்டன் குயின்ஸ் ஹோலில், எட்வர்ட் எல்கரின் செலோ கொன்சேர்ட்டோ முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது இசைக்குழுவின் செலோ வரிசையில் பத்தொன்பது வயதுப் பார்பிரோலியும் இருந்தார். அன்று அந்தப் படைப்பு தோற்றுப் போனது. நிகழ்ச்சியின் ஏனைய பகுதிகளை நடத்தியவர் ஒத்திகை நேரத்தை விழுங்கிவிட்டார். எல்கருக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான். ஒத்திகை போதாத இசைக்குழு தட்டுத் தடுமாறி வாசித்தது. ஒரு படைப்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் வேண்டும் என்பதை அந்த இளைஞன் தன் ஆசனத்தில் இருந்தபடியே கண்டான்.

பின்னர் அவர் இசை நடத்துநரானார். ஒபேராக் குழுக்கள், ஸ்கொட்லாந்தில் மூன்று ஆண்டுகள் என்று போனபின், 1936இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக்கிலிருந்து அழைப்பு வந்தது. உலகமே வியந்து பார்த்த டொஸ்கனினி விட்டுச் சென்ற இடம். பார்பிரோலிக்கு வயது முப்பத்தாறு. விமர்சகர்கள் சிலர் அவரைச் சும்மா விடவில்லை. எதை வாசித்தாலும் டொஸ்கனினியுடன் ஒப்பிட்டார்கள். போதாக்குறைக்கு 1937இல் அதே நகரத்தில் டொஸ்கனினிக்காகவே என்பிசி வானொலி ஒரு புதிய இசைக்குழுவை உருவாக்கியது. அமெரிக்கப் பிரஜையாக வேண்டும் என்று அங்குள்ள இசைக்கலைஞர் சங்கம் விதி கொண்டு வந்தபோது, தன் நாடு யுத்தத்தில் இருக்கையில் அப்படிச் செய்ய அவர் இணங்கவில்லை. 1943இல் மான்செஸ்டரிலிருந்து ஹாலேயின் அழைப்பு வந்தது. நீர்மூழ்கிகள் உலவிய அத்திலாந்திக்கைக் கடந்து அவர் திரும்பினார்.

ஆகவே அது முழுக்க முழுக்கத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். நியூயோர்க்கில் அவருக்குக் காயங்கள் இருந்தன. ஊர் ஏக்கமும் இருந்தது. தியாகம் என்று சொல்லிவிட்டால் எனக்கும் வசதிதான். பெரிய மனிதர்களுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கி வைத்துவிடலாம்.

வந்து பார்த்தால் இசைக்குழுவே இல்லை. ஹாலேயின் கலைஞர்களில் பெரும்பாலோர் பிபிசியின் வடக்கு இசைக்குழுவிலும் வாசித்து வந்தவர்கள். ஹாலே இனி முழுநேரக் குழுவாக இயங்கும் என்று நிர்வாகம் முடிவெடுத்ததும் அவர்கள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. அவர்களில் நான்கு பேர் மட்டுமே ஹாலேயுடன் நின்றார்கள். முதல் கச்சேரிக்குச் சில வாரங்களே இருந்தன. நல்ல இளைஞர்கள் எல்லாம் போர்முனையில். பார்பிரோலி நாள் முழுக்க உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லோரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முதலாவது புல்லாங்குழலுக்குக் கிடைத்தவன் ஒரு பள்ளிக்கூட மாணவன். ஹோர்ன் வாசிக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. சுற்றுவட்டாரத்து பாண்ட் குழுக்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தார். 1943 ஜூலை 5ஆம் திகதி பிரட்ஃபோர்ட் நகரில் அந்தக் குழு மேடையேறியது. ஹாலேயின் பெயர் கெட்டுப் போகவில்லை.

மண்டபம் இடிந்ததால் இசைக்குழு அழியவில்லை, ஆட்கள் போனபோதுதான் அழியப் பார்த்தது என்று அன்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அதே கருத்தை வேறொருவர் எனக்கு எழுதுவார் என்று அப்போது நினைக்கவில்லை.

2004 டிசம்பர் 26. கடல் எங்கள் பாடசாலையையும் கொண்டு போனது. மூன்று மாதம் கழித்து அதிபரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் வாப்பாவின் நண்பர் அவர். என்னை ஆசிரியனாக்கியதும் அவர்தான். "தம்பி, கட்டடத்தை யாராவது கட்டித் தருவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அளந்துகொண்டு போகிறார்கள். கணிதத்துக்குத்தான் ஆளில்லை. இரண்டு வருடத்துக்காவது வந்துவிட்டுப் போக முடியுமா?" என்று எழுதியிருந்தார். மௌத்தான மாணவர்களின் பெயர்களைத் தனித்தாளில் வரிசையாக எழுதி இணைத்திருந்தார். அதில் நான் படிப்பித்தவர்களின் தம்பி தங்கைகள் இருந்தார்கள்.

அப்போது எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில். நான் ஐந்நூறு பவுண் அனுப்பினேன். கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அடுத்த மாதம் பாடசாலையின் முத்திரையுடன் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வந்தது. அதனுடன் கடிதம் எதுவும் இருக்கவில்லை.

பார்பிரோலியிடம் நான் மதிப்பது அவர் வந்ததையல்ல, நின்றதை. வருவது ஒரு நாள் காரியம். அடுத்த சில ஆண்டுகளில் இலண்டனின் பிபிசி சிம்பொனி இசைக்குழு அவரைத் தலைமை ஏற்க அழைத்தது. சம்பளமும் கீர்த்தியும் அங்குதான் அதிகம். அவர் மறுத்தார். வயலின், செலோக்காரர்கள் எந்த இடத்தில் வில்லை மேலே தள்ள வேண்டும், எந்த இடத்தில் கீழே இழுக்க வேண்டும் என்று வாசிப்புத் தாள்களில் தன் கையாலேயே குறித்துக் கொடுப்பார். அத்தனை வில்லும் ஒரே திசையில் அசைந்தால்தான் ஒலி ஒன்றாகும். கைதட்டல் கிடைக்காத வேலை அது. 1951இல் ஃப்ரீ ட்ரேட் ஹோல் மீண்டும் திறக்கப்பட்டபோது அங்கு கோலுடன் நின்றவர் அவர்தான். 1960களில் அமெரிக்காவின் ஹியூஸ்டனிலும் பதவி வகித்தார், பெர்லினிலும் நடத்தினார். ஆனால் ஹாலேயை விடவில்லை. 1943இலிருந்து சாகும் வரை இருபத்தேழு ஆண்டுகள்.

1965 ஓகஸ்டில் அவர் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன், அன்று தோற்றுப்போன அதே எல்கர் கொன்சேர்ட்டோவை ஒலிப்பதிவு செய்தார். செலோ வாசித்தவர் இருபது வயதான ஜக்குலின் டு ப்ரே. உலகம் அந்தப் படைப்பை அறிந்துகொண்டதில் அந்த இசைத்தட்டுக்குப் பெரும் பங்குண்டு. நூலகத்திலிருந்து அதை எடுத்து வந்து இரவு வேலைக்குப் போகுமுன் கேட்பேன். எனக்கு அந்த இசையின் இலக்கணம் தெரியாது. பத்தொன்பது வயதில் பின்வரிசையில் இருந்து அதன் தோல்வியைக் கண்டவர், அறுபத்தைந்து வயதில் முன்னால் நின்று ஒரு சிறு பெண்ணுக்கு வழிவிட்டுக் கொடுப்பது மட்டும் விளங்கியது.

1970 ஜூலையில், ஜப்பான் பயணத்துக்காக நியூ பில்ஹார்மோனியாவுடன் ஒத்திகை செய்துகொண்டிருந்த நாட்களில், 29ஆம் திகதி மாரடைப்பால் இறந்தார். 1996இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் ஹோலில் இப்போது ஹாலே வாசிக்கிறது. அதன் முன்னாலுள்ள சதுக்கத்துக்கு அவருடைய பெயர்.

2013இல் ஊருக்குப் போனேன். அதிபர் மௌத்தாகி இரண்டு வருடம். பாடசாலை இரண்டு மாடியில் புதிதாக நின்றது. சுவரில் வெளிநாட்டுக் கொடையாளர்களின் பெயர்ப்பலகை. உயர்தர வகுப்பில் கணிதம் படிப்பித்துக் கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் "சேர்" என்று வெளியே வந்தார். நான் ஊரை விட்டுப் போகும்போது ஆறாம் வகுப்பில் இருந்த பையன். 2005இல் பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் வீட்டில் இருந்தவரை அதிபர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தொண்டர் ஆசிரியராக நிறுத்தியிருக்கிறார். முதல் வருடம் முந்திய இரவில் தான் படித்ததை மறுநாள் காலையில் படிப்பித்தாராம். பின்னர் வெளிவாரிப் பட்டம் எடுத்து நிரந்தரமாகியிருக்கிறார். பள்ளிக்கூடப் பையன் புல்லாங்குழல் வாசித்த கதை எனக்கு ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"சேர், வந்ததுக்கு ஒரு பாடம் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நாற்பது நிமிடம் வகையிடல் படிப்பித்தேன். வெண்கட்டி பிடித்துப் பதினெட்டு வருடம். கரும்பலகை வெண்பலகையாகி இருந்தது. பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. அவர் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார். வெளியே எனக்காக வேன் காத்துக்கொண்டு நின்றது.