காலைத் தூக்கு, அம்மிணி

இரவு ஒன்பது மணிக்குப் பந்திப்பூர் காட்டுச் சாலையை அடைத்துவிடுவார்கள். காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். 2009 முதல் இருக்கும் இந்தத் தடை யானைக்கும் மானுக்கும் செய்த பெரிய உபகாரம். அது நீடிக்க வேண்டும் என்பதே என் ஆசை. அதை மனத்தில் வைத்துக் காலையிலேயே மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பி, ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு வழியாக இறங்கி, வெயில் தாழ்வதற்குள் நானும் அண்ணனும் குண்டலுபேட்டையில் அறை எடுத்துவிட்டோம்.

மைசூருக்கு அங்கிருந்து அறுபது கிலோமீட்டர். நாங்கள் போக வேண்டியது அவ்வளவு தூரம்கூட இல்லை. நஞ்சன்கூட்டைத் தாண்டியதும் அதே சாலையில் மண்டகள்ளி விமான நிலையம் வந்துவிடும். அந்தத் தசராவுக்கு அங்கே டேண்டம் ஸ்கைடைவிங் ஏற்பாடு செய்திருந்தார்கள். பயிற்சியாளர் ஒருவரின் மார்போடு நம்மைப் பட்டைகளால் பிணைத்து, பத்தாயிரம் அடி உயரத்தில் விமானத்திலிருந்து இருவருமாகக் குதிப்பது. எனக்கு வயது ஐம்பத்தொன்று. மாடிப்படியைத் தவிர வேறு எதிலிருந்தும் நான் குதித்ததில்லை.

அண்ணன் குதித்திருக்கிறார். ராணுவத்தில் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவர். ஆக்ரா பயிற்சிப் பள்ளியில், இரவுக் குதிப்பு ஒன்று உட்பட ஐந்து முறை குதித்து, மார்பில் விங்ஸ் குத்திக்கொண்ட பிறகுதான் அம்மாவுக்கு விஷயத்தையே எழுதினார். அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மாமா வாசித்துக் காட்டியபோது நான் பத்தாம் வகுப்பு. எனக்கு இந்த ஆசை விழுந்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் தன் படைப்பிரிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரங்கராஜ் பெயர் வராமல் முடியாது. ஆற்காட்டைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்த ஏ.ஜி. ரங்கராஜ் ராணுவ மருத்துவர். 1941இல் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கோடு சேர்ந்து பாராசூட்டில் குதித்தார். இந்திய ராணுவத்தில் முதலில் குதித்த இந்தியர்கள் அவர்கள் இருவரும்தான். கொரியப் போரில் 60ஆவது பிரிவுக்குத் தலைமை ஏற்றுப் போனவரும் அவரே. 1951 மார்ச் 23ஆம் தேதி முன்சான்-நியில் அமெரிக்க வீரர்கள் வானிலிருந்து இறங்கியபோது இந்தப் பிரிவின் சிறு குழுவும் அவர்களோடு குதித்துக் காயம்பட்டவர்களைக் கவனித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பெண்களில் முதலில் குதித்தவர், 1959 ஜூலை 17இல், விமானப்படையின் ஃபிளைட் லெப்டினன்ட் கீதா சந்தா. அவரும் மருத்துவர். இரண்டு முதலிடமும் மருத்துவர்களுக்கே போனதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. சிப்பாய் எங்கே விழுகிறானோ அங்கே மருந்துப் பையும் விழுந்தாக வேண்டும். அண்ணன் குதித்ததும் அதற்காகத்தான்.

அன்று சாயங்காலம் கடைவீதிக்குப் போனோம். 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரியும்வரை குண்டலுபேட்டை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. ஆனால் காய்கறியைப் பொறுத்தவரை இந்த ஊருக்கு எல்லையே கிடையாது. லாரிகள் பாதி கேரளாவுக்கும் பாதி நம் பக்கமும் போகின்றன. சுற்றிலும் செண்டுமல்லி வயல்கள். அந்தப் பூவில் ஒரு பங்கு ஆயுத பூஜைக்குப் போகும், பெரும் பங்கு நிறமி எடுக்கும் ஆலைகளுக்கு. தக்காளிப் பெட்டிகளும் முட்டைக்கோஸ் மூட்டைகளும் அடுக்கியிருந்த ஒரு மண்டி வாசலில் அண்ணன் நின்றுவிட்டார்.

“அம்மிணி, படிவத்துல எடை எவ்வளவுன்னு எழுதின?”

“எழுபத்திரண்டுங்கண்ணா.”

“எப்பப் பார்த்தது?”

நான் பதில் சொல்லவில்லை. மண்டிக்காரரிடம் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டு, மூட்டை போடும் தராசில் என்னை ஏறச் சொன்னார். எழுபத்தாறு கிலோ நானூறு கிராம்.

சும்மா நான்கு கிலோ என்று நான் நினைத்தேன். அண்ணன் அப்படி நினைக்கவில்லை. டேண்டம் பாராசூட்டுக்கு இரண்டு பேரும் சாமானும் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஒரு உச்ச எடை உண்டு. நம் எடையைப் பார்த்துத்தான் எந்தப் பயிற்சியாளரோடு நம்மைச் சேர்ப்பது, விமானத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். அண்ணன் அங்கேயே போனை என் கையில் கொடுத்தார். சரியான எடையைச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் கோபிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு என்னை வேறொரு பயிற்சியாளரின் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

ராத்திரி அறையில் பாடம் நடந்தது. கட்டில் விளிம்பில் நிற்க வைத்து, கால் இரண்டையும் ஒட்டி, முழங்காலை லேசாக மடக்கி, தரை தொட்டதும் பக்கவாட்டில் உருள வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தார். இருபது முறையாவது குதித்திருப்பேன். “காலைச் சேர்த்து வை, காலைச் சேர்த்து வை” என்பதே அன்றைக்கு மந்திரம்.

மறுநாள் ஆறரை மணிக்கு மண்டகள்ளியில் இருந்தோம். சாமுண்டி மலை கண்ணுக்கே தெரியவில்லை. மேகம் அவ்வளவு தாழ இறங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தரை தெரியாத நிலையில் குதிக்க விடமாட்டார்கள். காத்திருக்கும் நேரத்தில் பயிற்சியை முடித்துவிடலாம் என்றார் பயிற்சியாளர். பொறுமையான மனிதர். எனக்கு ஒரு முறையும், கேட்காமலேயே அண்ணனுக்கு ஒரு முறையுமாக எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார்.

டேண்டத்தில் நாம் செய்ய வேண்டியது மூன்றே மூன்று. விமானத்தின் வாசலில் கை இரண்டையும் மார்பில் பட்டையோடு பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துப் பயிற்சியாளரின் தோளில் வைக்க வேண்டும். கால்களை விமானத்துக்கு அடியில் பின்னோக்கி மடக்க வேண்டும். இது முதல் வேலை. விழும்போது வயிறு கீழே இருக்கும்படி உடம்பை வில்லாக வளைப்பது இரண்டாவது. இறகுப் பந்தை எப்படி எறிந்தாலும் அதன் தக்கைப் பக்கம்தானே முதலில் கீழே வரும்? நம் இடுப்பு அந்தத் தக்கை. கையும் காலும் இறகு. வளைவு சரியாக இருந்தால் காற்றே நம்மை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். யோகாவில் சலபாசனம் செய்தவர்களுக்கு இது பழகிய வளைவுதான்.

மூன்றாவது தரை இறங்கும் நேரம். இங்கேதான் அண்ணனின் முகம் மாறியது. சேர்த்து வைக்கக் கூடாது, மடக்கக் கூடாது, உருளக் கூடாது. கால் இரண்டையும் நீட்டி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்றார் பயிற்சியாளர்.

அண்ணன் குதித்த பாராசூட் வட்டக் குடை. 1,250 அடியில் விமானத்தோடு மாட்டியிருக்கும் கயிறே அதை இழுத்துத் திறந்துவிடும். குடை ஆளைக் கிட்டத்தட்ட நேராகக் கொண்டுவந்து தரையில் மோதும். மோதலைக் கால், தொடை, இடுப்பு, முதுகு என்று பங்கு போட்டுக் கொடுக்கத்தான் உருள்வது. டேண்டம் பாராசூட் குடை அல்ல, துணியால் ஆன இறக்கை. முன்னோக்கிப் பறந்து வரும். கடைசி நேரத்தில் பயிற்சியாளர் இரண்டு பிடிகளையும் இழுத்து வேகத்தைக் குறைப்பார். முன்னால் தொங்கும் நம் கால் அவர் காலுக்கு முந்தித் தரையில் மாட்டினால் கணுக்கால் மடங்கிவிடும், அவரும் நம் மேல் விழுவார். டேண்டத்தில் ஏற்படும் காயங்களில் அடிக்கடி கேள்விப்படுவது இந்தக் கால் காயம்தான்.

முப்பது வருடமாக நம்பிய ஒன்றைத் தங்கையின் முன்னால் மாற்றிக்கொள்வது எளிதில்லை. அண்ணன் கால் நிமிடம் யோசித்தார். “நான் சொல்லிக்கொடுத்ததை மறந்துரு அம்மிணி” என்றார். அதைச் சொன்ன அண்ணன், மார்பில் விங்ஸ் குத்தியிருந்த அண்ணனைவிட எனக்கு உயர்ந்து தெரிந்தார்.

பிறகு கேள்விகள். கேட்க வெட்கப்படக் கூடாது என்று வீட்டிலேயே எழுதி எடுத்துப் போயிருந்தேன். எத்தனை முறை குதித்திருக்கிறீர்கள், டேண்டம் உரிமம் இருக்கிறதா, மாற்றுப் பாராசூட்டை மடித்தது யார், எந்தத் தேதியில்? அவர் பையைத் திறந்து, முத்திரையிட்ட நூலையும் தேதி எழுதிய அட்டையையும் காட்டினார். முதன்மைப் பாராசூட் ஒன்று, மாற்று ஒன்று. இவற்றோடு காற்றழுத்தத்தை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றும் உண்டு. இரண்டாயிரம் அடிக்குச் சற்றுக் கீழே வந்தும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், யாரும் எதையும் இழுக்காமலே அது மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். பயிற்சியாளர் மயங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற என் ரகசியப் பயத்துக்குப் பதில் அந்தக் கருவிதான்.

குட்டிப் பாராசூட் ஒன்றையும் காட்டினார். டேண்டம் முறையே அதை நம்பித்தான் நிற்கிறது. இரண்டு உடம்பு சேர்ந்து விழுந்தால் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரை நெருங்கும் வேகம் வந்துவிடும். அந்த வேகத்தில் பெரிய பாராசூட் விரிந்தால் அதிர்ச்சியை உடம்பும் தாங்காது, துணியும் தாங்காது. குதித்த சில நொடிகளில் பின்னால் விடப்படும் இந்தச் சிறு துணி வேகத்தை இருநூறுக்குக் குறைத்துவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பில் பூத்தும் டெட் ஸ்ட்ராங்கும் இப்படிப்பட்ட கருவிகளை உருவாக்கியதால்தான் என்னைப் போன்றவர்கள் அரைமணி நேரப் பயிற்சியோடு வானத்துக்குப் போக முடிகிறது.

பத்து மணிக்கும் மேகம் விலகவில்லை. விலகியபோது காற்றுப் பை விறைத்துக்கொண்டு திசை மாறி மாறி ஆடியது. இன்று வேண்டாம் என்றார்கள். பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் வாதாடிப் பார்த்தார்கள். எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் பணம் வாங்கிய பிறகும் ‘வேண்டாம்’ என்று சொல்கிறவர்களை நம்பி உயிரைக் கொடுக்கலாம் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

குண்டலுபேட்டைக்கே திரும்பினோம். மதியம் ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா. சொந்த வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு அரசுப் பேருந்தில்தான் ஏற முடியும். 1,454 மீட்டர் உயர மலை. கீழே ஊர் சுமார் எண்ணூறு மீட்டரில் இருக்கிறது. பனி எந்நேரமும் கோயிலைச் சுற்றிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். குழல் ஊதும் கோபாலனைச் சேவித்துவிட்டு விளிம்பில் நின்றோம். பனி விலகிய ஒரு நொடியில் குண்டலுபேட்டைப் பக்கத்து வயல்கள் சிறு சிறு துண்டுகளாகத் தெரிந்தன.

அண்ணன் மனக்கணக்குப் போட்டார். ஊருக்கும் இந்த மலைக்கும் உயர வித்தியாசம் அறுநூற்று ஐம்பது மீட்டர். நாளைக்கு விமானம் போகும் உயரம் இதைப் போல நாலரை மடங்குக்கும் மேல். முழு வேகம் வந்த பிறகு இந்த மலையின் உயரத்தைக் கடக்கப் பன்னிரண்டு நொடி. நான் பள்ளத்தைப் பார்த்தபடி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினேன். முதலில் வயிறு கலங்கியது. மூன்றாவது தடவை எண்ணும்போது எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. அந்த விளிம்பில் அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை.

இரவு மறுபடியும் பாடம். தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து வில் வளைவு. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தொடைக்கு அடியில் கையைக் கொடுத்துக் காலைத் தூக்கிப் பத்து நொடி பிடிப்பது. வயிற்றுத் தசை பழகாதவர்களுக்கு இது கடினம்; ஒரு மாதம் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். “காலைத் தூக்கு அம்மிணி, காலைத் தூக்கு” என்று அண்ணன் எண்ணிக்கொண்டே இருந்தார்.

காலையில் இரண்டு இட்லி, அரை டம்ளர் காபி. வெறும் வயிற்றோடு போனால் பாராசூட் சுழலும்போது குமட்டும். வளையல், மோதிரம், தோடு எல்லாம் கழற்றி அண்ணனிடம். தாலிக்கொடியை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. இறுக்கமான கழுத்துள்ள பனியனுக்குள் விட்டுப் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நம் பெண்கள் பலர் இதைக் கேட்கத் தயங்கியே பின்வாங்கிவிடுகிறார்கள். தயங்காமல் கேளுங்கள், வழி இருக்கிறது. சடையை இறுக்கிப் பின்னி உடைக்குள் செருகிக்கொண்டேன். கொக்கி இல்லாத, நாடா கட்டும் ஷூ. இருதயக் கோளாறும் வலிப்பும் முதுகுத்தண்டு அடியும் இல்லை என்று எழுதிய படிவத்தில், இந்த விளையாட்டில் உயிர் போகவும் கூடும் என்ற வரியை நிறுத்தி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். அண்ணனும் படித்தார்.

அன்று வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. இருக்கைகளைக் கழற்றிய சின்ன செஸ்னா விமானத்தில் தரையில் உட்கார்ந்தோம். கபினி ஆறும் நஞ்சன்கூடும் கீழே சிறுத்துக்கொண்டே போயின. சாமுண்டி மலை ஒரு திட்டாக ஆனபோது தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நான்கு கொக்கிகளையும் பயிற்சியாளர் மாட்டி இழுத்துப் பார்த்தார். கதவு திறந்தது. தலையைப் பின்னால் சாய்த்தேன். அரை நிமிடம் காற்றின் இரைச்சல் மட்டும். பிறகு ஒரு குலுக்கல், அதன் பின் ஐந்தாறு நிமிடம் அமைதி.

தரை நெருங்கியபோது பயிற்சியாளர் ஆங்கிலத்தில் கத்தியது என் காதில் தமிழில்தான் விழுந்தது. காலைத் தூக்கினேன். இருவருமாகப் புல்லில் சறுக்கி உட்கார்ந்தோம். அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் இரண்டு கையையும் இடுப்பு உயரத்துக்கு நீட்டியபடி இருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பயணத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், மேகம் நம் விடுப்பைப் பார்த்து விலகாது. ஏதாவது ஒரு தராசில் ஏறி நின்று பார்த்த பிறகே படிவத்தில் எடையை எழுதுங்கள். திரும்பும்போது ஒன்பது மணிக்குள் பந்திப்பூரைத் தாண்டிவிடுங்கள்.